லினக்ஸ் போடுவது அரை மணி நேரம், மாறுவது இரண்டு மாதம்

அப்பாவின் லேப்டாப்பில் விண்டோஸ் 10 இருந்தது. அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று திரையில் அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. "ஏம்மா, இது என்னமோ முடியப் போகுதாம், தினம் வந்து மிரட்டுது" என்று போன் செய்தார். மெஷினில் ஒரு குறையும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பது இன்டெல் ஆறாம் தலைமுறை பிராசஸர். விண்டோஸ் 11-க்கு எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். நன்றாக ஓடுகிற ஒன்றைத் தூக்கிப் போட அப்பாவுக்கு மனசில்லை, எனக்கும் இல்லை. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறேன் என்றேன்.

நான் புரோகிராமர் இல்லை. மொழிபெயர்ப்பு வேலை, நாள் முழுக்க எழுத்தோடு மல்லுக்கட்டுகிறவள். 2016-ல் உபுண்டு 16.04 என்ற லினக்ஸ் வகையில் தொடங்கி, பிறகு லினக்ஸ் மின்ட்டுக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டேன். இதுவரை சொந்தத்திலும் நட்பிலும் ஆறு பேருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறேன். அதில் இரண்டு பேர் பதினைந்தே நாளில் விண்டோஸுக்குத் திரும்பிப் போனார்கள். அந்த இருவருக்கும் நான் செய்த தப்பு ஒன்றுதான்: கேட்ட அன்றைக்கே போட்டுக் கொடுத்தேன். இன்ஸ்டால் செய்ய அரை மணி நேரம் போதும். அதற்கு முன்னால் ஒரு மாதம், பின்னால் ஒரு மாதம் இருக்கிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

லினக்ஸில் பல வகைகள் உண்டு, ஒவ்வொன்றும் ஒரு டிஸ்ட்ரோ. "எந்த டிஸ்ட்ரோ?" என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. அதற்கு ஒரு பத்திக்கு மேல் செலவழிக்க மாட்டேன். முதல் தடவை என்றால் லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. ரேம் 4 ஜிபிதான் என்றால் அதே மின்ட்டில் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. ஸ்டார்ட் மெனு இடது கீழ்மூலையில் இருக்கும், கடிகாரம் வலது கீழ்மூலையில் இருக்கும், கை தானாகப் போகிற இடத்தில் எல்லாம் இருக்கும். மின்ட் 22 வரிசை 2029 வரை அப்டேட் பெறும். உபுண்டு, டெபியன், ஃபெடோரா எல்லாம் நல்லவைதான். எல்லாவற்றையும் நாமே கட்டிக்கொள்ள வேண்டிய ஆர்ச்சைப் போடுங்கள் என்று யாராவது சொன்னால், அவர் உங்கள் வீட்டுக்கு வந்து உட்காரத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் மாதம் விண்டோஸிலேயே

ஒரு தாளை எடுத்துக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வையுங்கள். ஒரு வாரம், எந்த புரோகிராமைத் திறந்தாலும் அதன் பெயரை எழுதுங்கள். நினைவிலிருந்து எழுதக் கூடாது. திறக்கும்போதே எழுத வேண்டும். அப்பாவிடம் வாயால் கேட்டபோது "பிரவுசர், வேர்டு, அவ்வளவுதான்" என்றார். வாரக் கடைசியில் தாளில் ஒன்பது இருந்தன: பிரவுசர், வேர்டு, எக்செல், பிடிஎஃப் படிப்பது, போட்டோ பார்ப்பது, பாட்டு, பிரிண்டர், ஸ்கேனர், தமிழ் டைப்பிங் செயலி. கடைசி இரண்டும்தான் பின்னால் என் நேரத்தைத் தின்றவை. வாயால் கேட்டதில் அந்த இரண்டும் வரவே இல்லை.

இப்போது அந்தத் தாளில் உள்ள ஒவ்வொன்றுக்கும் லினக்ஸில் எதைப் பயன்படுத்தப் போகிறீர்களோ, அதை விண்டோஸிலேயே போட்டுப் பழகுங்கள். ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரே ஆஃபீஸ், விஎல்சி, தண்டர்பேர்டு, கிம்ப் எல்லாமே விண்டோஸுக்கும் கிடைக்கும். லிப்ரே ஆஃபீஸில் மெனு இருக்கும் இடம் வேறு, ஷார்ட்கட் சில வேறு. அந்த எரிச்சலையெல்லாம் பழகிய விண்டோஸில் உட்கார்ந்தே பட்டுத் தீர்த்துவிடலாம். சிஸ்டமும் புதிது, புரோகிராமும் புதிது என்று ஒரே நாளில் இரண்டையும் தலையில் ஏற்றினால், லிப்ரே ஆஃபீஸ் மேல் வரும் கோபமெல்லாம் லினக்ஸ் மேல் போய் விழும்.

இந்த மாதத்தில்தான் உங்களுக்கு லினக்ஸ் ஒத்துவராது என்பதும் தெரிய வரும். ஃபோட்டோஷாப், இல்லஸ்ட்ரேட்டர் இல்லாமல் பிழைப்பு இல்லை என்றால் மாறாதீர்கள். மேக்ரோ நிறைந்த எக்செல் கோப்புகளை அலுவலகத்தோடு தினம் பரிமாறிக்கொள்பவர் என்றாலும் அப்படியே. ஸ்டீம் என்ற விளையாட்டுக் கடையில் இருக்கும் விளையாட்டுகளில் பெரும்பாலானவை, விண்டோஸ் விளையாட்டை லினக்ஸில் ஓட்ட 2018-ல் வந்த புரோட்டான் புண்ணியத்தில் ஓடுகின்றன. ஆனால் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருளை விண்டோஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள்ளேயே சொருகுகிற ஆன்லைன் விளையாட்டுகள் பல ஓடாது. விண்டோஸ் புரோகிராமை லினக்ஸில் ஓட்ட வைன் என்று ஒன்று இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. ஒரு சின்னப் பழைய புரோகிராமுக்கு வைத்துக்கொள்ளலாம். சோறு போடும் வேலையை அதை நம்பி வைக்காதீர்கள்.

பேக்கப், அப்புறம் இன்னொரு பேக்கப்

டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், டாக்குமென்ட்ஸ், போட்டோக்கள், பிரவுசர் புக்மார்க், சேமித்த பாஸ்வேர்டுகள். இவற்றின் நகல் இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றையாவது வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். எண்ணிக்கையைப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. சில கிளவுட் சேவைகள் கோப்பின் பெயரை மட்டும் மெஷினில் வைத்துவிட்டு உள்ளடக்கத்தை மேலேயே வைத்திருக்கும். ஐகான் ஓரத்தில் சின்ன மேகம் தெரியும். அப்படிப்பட்டவற்றை முதலில் முழுதாக இறக்கிக்கொண்டு, பிறகு நகல் எடுங்கள்.

இரண்டு நகல் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் கை. சில வருடங்களுக்கு முன், லினக்ஸிலிருந்தே இன்னொரு இன்ஸ்டால் யுஎஸ்பி தயாரிக்க டிடி என்ற கமாண்டைப் பயன்படுத்தினேன். எந்த டிரைவில் எழுத வேண்டும் என்பதை ஓர் எழுத்தால் குறிக்க வேண்டும். எஸ்டிசி என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிபி என்று அடித்தேன். எஸ்டிபி என் பேக்கப் ஹார்டு டிஸ்க். அந்தக் கமாண்ட் "நிச்சயமாகவா?" என்றெல்லாம் கேட்காது, சொன்னதைச் செய்யும். ஏதோ தப்பாக இருக்கிறதே என்று நான் நினைத்தபோது 3 ஜிபி எழுதி முடிந்திருந்தது. டிடியை டிஸ்க் டிஸ்ட்ராயர் என்று கிண்டலாகச் சொல்வார்கள் என்பதை அன்றைக்குப் பிறகுதான் படித்தேன். இப்போது நான் அதைத் தொடுவதே இல்லை.

விண்டோஸிலிருந்து யுஎஸ்பி தயாரிக்க ரூஃபஸ் அல்லது எட்ச்சர் போதும். 8 ஜிபி பென்டிரைவ் எடுத்துக்கொள்ளுங்கள், அதில் உள்ளது எல்லாம் அழியும். மின்ட்டின் ஐஎஸ்ஓ என்ற இன்ஸ்டால் கோப்பை அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். இறக்கியதும் அந்தக் கோப்பின் கைரேகை போன்ற ஷா256 எண்ணைச் சரிபாருங்கள். அது 64 எழுத்துகள் கொண்ட ஒரு நீளச் சரம். தளத்தில் உள்ளதும் உங்கள் கோப்பிலிருந்து வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். ஐந்து நிமிட வேலை இது. பாதியில் கெட்ட டவுன்லோடை வைத்துக்கொண்டு, "லினக்ஸ் என் மெஷினில் பூட் (கிளம்பவே) ஆகவில்லை" என்று ஒரு நாள் முழுக்க அல்லாடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

விண்டோஸில் செய்ய வேண்டிய கடைசி இரண்டு வேலைகள். ஒன்று, பவர் அமைப்புகளில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்பதை அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது நீங்கள் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த டிஸ்கை லினக்ஸிலிருந்து திறந்தால் படிக்க மட்டும் விடும், எழுத விடாது. இரண்டு, டிஸ்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். பூட் அமைப்பில் கை வைத்தால் அது அந்தச் சாவியைக் கேட்க வாய்ப்பு அதிகம்.

போடாமல் ஓட்டிப் பார்ப்பது

பென்டிரைவைச் செருகி மெஷினை ஆன் செய்யும்போது எஃப்12, எஃப்2, எஸ்கேப், டெலீட் இவற்றில் ஒன்றைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கை வேகம் போதவில்லை என்றால் வேறு வழி உண்டு: விண்டோஸிலேயே ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள், டிவைஸிலிருந்து பூட் செய்யும் வாய்ப்பைக் காட்டும்.

இப்போது மின்ட் பென்டிரைவிலிருந்தே ஓடும். உங்கள் டிஸ்கைத் தொடாது. முகப்பில் இன்ஸ்டால் என்று ஒரு ஐகான் இருக்கும், அதை இன்றைக்கு அமுக்காதீர்கள். தாளை எடுங்கள். வைஃபை வருகிறதா? சத்தம் ஸ்பீக்கரிலும் வருகிறதா, ஹெட்போனிலும் வருகிறதா? வெளிச்சம் கூட்டும் குறைக்கும் பட்டன்கள்? கேமரா? பிரிண்டர் கண்ணில் படுகிறதா? கடைசியாக, பலரும் மறப்பது: மூடியை மூடுங்கள், ஐந்து நிமிடம் கழித்துத் திறங்கள். தூங்கிய மெஷின் எழுந்திருக்கிறதா, எழுந்த பிறகு வைஃபை திரும்ப வருகிறதா? தூங்கி எழுவதில் சிக்கல் இருந்தால் தினசரி வாழ்க்கை நரகமாகிவிடும், இன்ஸ்டால் செய்வதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஒன்றில் மட்டும் ஏமாறாதீர்கள்: வேகம். பென்டிரைவிலிருந்து ஓடுவதால் எல்லாம் மெதுவாகத்தான் திறக்கும்.

வைஃபை வரவில்லை என்றால் பதற வேண்டாம். போனை யுஎஸ்பி வயரில் இணைத்து டெதரிங் ஆன் செய்தால் உடனே இன்டர்நெட் வரும். அதை வைத்து டிரைவர் மேனேஜரைத் திறந்தால் தேவையான டிரைவரை அதுவே சொல்லும். என்விடியா கார்டு உள்ள மெஷினில் கறுப்புத் திரை மட்டும் வந்தால், பூட் மெனுவில் கம்பாட்டிபிலிட்டி மோட் என்று இருப்பதைத் தேர்ந்து உள்ளே போங்கள். இன்ஸ்டால் முடிந்த பிறகு டிரைவர் மேனேஜர் வழியாக என்விடியா டிரைவரைப் போட்டுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

ஹார்டு டிஸ்க் இன்னும் பழைய சுழலும் வகை என்றால், லினக்ஸ் போடுவதற்கு முன் ஒரு எஸ்எஸ்டி மாற்றிவிடுங்கள். லினக்ஸ் போட்டால் பறக்கும் என்று சொல்லப்படும் கதைகளில் பாதி எஸ்எஸ்டியின் பெருமை.

இன்ஸ்டால்

இந்தப் பகுதி சின்னது, ஏனென்றால் நிஜமாகவே இதில் அதிகம் இல்லை. கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டே போக வேண்டும், கவனம் தேவைப்படுவது டிஸ்க் பற்றிய கேள்வியில் மட்டும். முழுதாக அழித்துவிட்டுப் போடுவதா, விண்டோஸுக்குப் பக்கத்தில் போடுவதா?

என் கட்சி முழுதாக அழிப்பது. ஒரு மாதம் பழகிவிட்டீர்கள், பேக்கப் இரண்டு இருக்கிறது, பிறகென்ன? இரண்டும் பக்கத்தில் இருந்தால் சின்னதாக ஏதாவது இடித்தவுடனே விண்டோஸுக்குள் போய்விடுவோம், அப்படியே அங்கேயே இருந்துவிடுவோம். திரும்பிப் போனார்கள் என்று சொன்னேனே, அந்த இருவருமே இரட்டை பூட்தான். இல்லை, விண்டோஸும் அவசியம் வேண்டும் என்றால், முடிந்தால் தனி டிஸ்கில் வையுங்கள். அப்போது கடிகாரம் குழம்பும்: விண்டோஸ் மெஷினின் உள்கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்கும், லினக்ஸ் அதை உலகப் பொது நேரம் என்று எடுத்துக்கொள்ளும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போய் வந்தால் மணி தப்பாகக் காட்டும். பேட்டரி போய்விட்டதோ என்று நினைக்க வேண்டாம். உள்கடிகாரம் உள்ளூர் நேரத்தில் இருக்கிறது என்று லினக்ஸிடம் சொல்ல டைம்டேட்சிடிஎல் என்ற கமாண்டில் ஒரு வரி இருக்கிறது, ஒரு தடவை கொடுத்தால் போதும்.

அழித்துப் போடும்போதும் ஒரு வேலை கூடுதலாகச் செய்வேன்: உங்கள் கோப்புகள் இருக்கும் ஹோம் என்பதை டிஸ்கில் தனிப் பகுதியாக, அதாவது தனிப் பார்ட்டிஷனாக வைப்பது. அப்பாவின் 256 ஜிபியில் 50 ஜிபி சிஸ்டத்துக்கு, மிச்சமெல்லாம் ஹோமுக்கு. நாளைக்கு சிஸ்டத்தை அழித்து வேறு டிஸ்ட்ரோ போட்டாலும் கோப்புகளும் அமைப்புகளும் அப்படியே இருக்கும், அந்தப் பார்ட்டிஷனை ஃபார்மட் செய்யச் சொல்லும் டிக்கை மட்டும் எடுத்துவிட்டால் போதும். என்கிரிப்ஷன், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் டிஸ்கைப் படிக்க முடியாதபடி பூட்டுவது, வேண்டுமா என்று கேட்கும். ஊர் சுற்றும் லேப்டாப்புக்கு வேண்டும். மேஜையை விட்டு நகராத அப்பாவின் மெஷினுக்கு வேண்டாம் என்று விட்டேன். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் என்னாலும் எதுவும் செய்ய முடியாது.

முதல் நாள் மாலை

வரிசை முக்கியம். முதலில் அப்டேட் மேனேஜரைத் திறந்து எல்லா அப்டேட்டையும் போட்டு ரீஸ்டார்ட். பிறகு டிரைவர் மேனேஜர். அது முடிந்து எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று தெரிந்தவுடனே டைம்ஷிஃப்டைத் திறந்து முதல் ஸ்னாப்ஷாட், அதாவது பிறகு திரும்பிப் போக சிஸ்டத்தின் அன்றைய நிலையின் நகல். தினசரி 2, வாரத்துக்கு 2 என்று வைத்தால் போதும், அதற்கு மேல் வைத்தால் டிஸ்க் நிரம்பிவிடும். டைம்ஷிஃப்ட் சிஸ்டத்தை மட்டும் பார்த்துக்கொள்ளும், வழக்கமான அமைப்பில் உங்கள் கோப்புகளைத் தொடாது. பேக்கப் என்று அதை நம்பி வெளி டிஸ்கைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

புரோகிராம் வேண்டும் என்றால் பிரவுசரைத் திறந்து தேடும் பழக்கத்தை அன்றைக்கே விட வேண்டும். சாஃப்ட்வேர் மேனேஜர் என்று ஒன்று இருக்கிறது, அங்கே தேடுங்கள். சிஸ்டத்தோடு அப்டேட் ஆகும், வேண்டாம் என்றால் சுத்தமாகப் போகும். ஒரே புரோகிராம் இரண்டு விதமாகக் கிடைத்தால், சிஸ்டம் பேக்கேஜ் சின்னது, ஃபிளாட்பேக் பெரியது ஆனால் பெரும்பாலும் புதியது. இடம் இருந்தால் எதுவும் சரி. முன்பின் தெரியாத தளத்திலிருந்து டெப் என்ற இன்ஸ்டால் கோப்பை இறக்கிப் போடுவது, விண்டோஸில் கண்டதையும் இறக்கிய அதே பழக்கம்தான்.

இனி தமிழ். இதில் கொஞ்சம் நிற்கிறேன், ஏனென்றால் தினம் எட்டு மணி நேரம் நான் நிற்கும் இடம் இது.

கீபோர்டு அமைப்புகளுக்குப் போனால் லேஅவுட் பட்டியலில் தமிழ் இருக்கும், தமிழ்99 என்ற விசைப்பலகை முறையும் இருக்கும். சேர்த்துவிட்டு டைப் அடித்தால், ஏதோ சரியில்லை என்று தோன்றும். தமிழ்99-இல் "அம்மா" என்பதற்கு நான்கு தட்டுகள்தான்: ஆங்கிலப் பட்டன்களில் ஏ, கே, கே, க்யூ. அதாவது அ, ம, ம, ஆ. ஒரே மெய் இரண்டு தடவை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாக விழ வேண்டும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச என்று இன எழுத்து வந்தாலும் அப்படியே. தமிழ்99-இன் அழகே அதுதான். ஆனால் லேஅவுட் என்பது வெறும் பட்டன் வரைபடம். எந்தப் பட்டனுக்கு எந்த எழுத்து என்று மட்டும் அதற்குத் தெரியும், முன்னால் என்ன அடித்தோம் என்று தெரியாது. அதனால் புள்ளியை நாமே போட வேண்டியிருக்கும். பலர் இங்கேயே "லினக்ஸில் தமிழ் சரியில்லை" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது: முன்னால் அடித்ததையும் கவனிக்கிற டைப்பிங் மென்பொருளான ஐபஸ், அதோடு ஐபஸ்-எம்17என் இரண்டையும் சாஃப்ட்வேர் மேனேஜரில் போடுங்கள். இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுங்கள். லாக் அவுட் செய்து மறுபடி உள்ளே வாருங்கள், அதைச் செய்யாமல் வேலை செய்யவில்லை என்று திட்டாதீர்கள். பிறகு ஐபஸ் பிரிஃபரன்ஸில் தமிழைத் திறந்தால் தமிழ்99, ஃபொனெடிக், இன்ஸ்கிரிப்ட் என்று வரிசையாக இருக்கும். ஆங்கில எழுத்தில் அம்மா என்று அடித்துப் பழகியவர்களுக்கு ஃபொனெடிக். சூப்பர் பட்டனும் (விண்டோஸ் சின்னம் போட்ட பட்டன்) ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம்.

பழைய கோப்புகள் தனிக் கதை. அப்பாவிடம் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடித்த கடிதங்கள் நூற்றுக்கும் மேல் இருந்தன. அவை எல்லா மெஷினுக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லை. எழுத்துரு இல்லாத மெஷினில் "அம்மா" என்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். அப்பா பார்த்துவிட்டு "எல்லாம் போச்சா?" என்றார், முகம் வெளுத்துவிட்டது. போகவில்லை. பழைய மெஷினிலிருந்து பாமினி எழுத்துருக் கோப்பை எடுத்து வந்து இரட்டைக் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுத்தேன், கடிதங்கள் எழுந்து உட்கார்ந்தன. ஆனாலும் முக்கியமானவற்றை ஒவ்வொன்றாக யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது.

வேர்டு கோப்பு லிப்ரே ஆஃபீஸில் ஒரு பக்கத்திலிருந்து இரண்டு வரி அடுத்த பக்கத்துக்கு வழிவதற்கும் எழுத்துருதான் காரணம். கேலிப்ரி லினக்ஸில் இல்லை. கார்லிட்டோ என்று ஒன்று, அதே அகல அளவுகளோடு செய்யப்பட்டது, அதைப் போட்டால் ஆங்கில வரிகள் இருந்த இடத்தில் நிற்கும். கேம்ப்ரியாவுக்குக் கேலடியா, டைம்ஸ், ஏரியலுக்கு லிபரேஷன். தமிழில் லதாவுக்குப் பதில் நோட்டோவோ லோகித்தோ வரும், அகலம் ஒத்துப்போகாது, பக்கம் நகரத்தான் செய்யும். நான் யாருக்காவது முடிந்த வேலையை அனுப்பும்போது திருத்த வேண்டிய கோப்போடு பிடிஎஃப்பும் சேர்த்து அனுப்புகிறேன். "நீங்க அனுப்பினது கோணலா இருக்கு" என்ற போன் நின்றது.

இரண்டாவது மாதம், ஒரு நோட்டு

டிஜிட்டல் நோட் இல்லை, காகித நோட்டு. சிஸ்டம் கிளம்பவில்லை என்றாலும் அது திறக்கும். எதை மாற்றினாலும் தேதி போட்டு எழுதுங்கள். என் நோட்டிலிருந்து ஒன்று:

"12-ஆம் தேதி. தூங்கி எழுந்தால் வைஃபை ஆமை. நெட்வொர்க் மேனேஜர் ஃபோல்டரில் வைஃபை பவர்சேவ் 3 என்று இருந்ததை 2 ஆக்கினேன். ரீஸ்டார்ட். சரியானது. பேட்டரி கொஞ்சம் குறையலாம்."

இன்னொன்று: "20. கெர்னல் அப்டேட்டுக்குப் பிறகு சத்தம் இல்லை. பழைய கெர்னலில் பூட் செய்தேன், வந்தது. அடுத்த கெர்னல் வரும்வரை இதிலேயே."

இந்த இரண்டாவதைச் செய்வது எப்படி என்று எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். பூட் ஆகும்போது எஸ்கேப் அல்லது ஷிஃப்ட் தட்டினால் கிரப் மெனு வரும், அதில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் என்பதற்குள் பழைய கெர்னல் இருக்கும். அப்டேட் செய்த மறுநாள் ஏதாவது கெட்டால் நான் முதலில் செய்வது இதைத்தான். அதற்கும் மசியவில்லை என்றால் டைம்ஷிஃப்டில் முந்தைய நாளுக்குப் போவது. டெஸ்க்டாப்பே வரவில்லை என்றால் இன்ஸ்டால் செய்த அதே பென்டிரைவில் பூட் செய்து, அங்கிருந்து டைம்ஷிஃப்டை ஓட்டலாம். அதனால் அந்தப் பென்டிரைவை அழித்துப் பாட்டு ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

திரை உறைந்துபோனால் உடனே பவர் பட்டனை அமுக்க வேண்டாம். கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்தினால் பெரும்பாலும் ஒரு கறுப்பு எழுத்துத் திரை வரும். அங்கே லாகின் செய்து ரீபூட் என்று அடித்தால் ஒழுங்காக மூடி எழும்.

கமாண்ட் அடிக்கும் திரையான டெர்மினலைப் பற்றிப் பயமும் வேண்டாம், பெருமையும் வேண்டாம். அப்பா இதுவரை அதைத் திறந்ததே இல்லை. திறக்க வேண்டி வந்தால் சில விஷயங்கள்: பல டிஸ்ட்ரோக்களில் பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில் ஒரு புள்ளிகூடத் தெரியாது, கீபோர்டு கெடவில்லை, அடித்துவிட்டு என்டர் தட்டுங்கள். கன்ட்ரோல்+சி அங்கே நகல் எடுக்காது, ஓடுவதை நிறுத்திவிடும். நகலுக்கு நடுவில் ஷிஃப்ட்டும் வேண்டும். பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு, ஒரே ஃபோல்டரில் அந்த ஒரு வித்தியாசத்தோடு இரண்டு கோப்புகள் இருக்கலாம். இன்னொன்று, எங்கேயோ பார்த்த கமாண்டை என்ன செய்கிறது என்று புரியாமல் ஒட்டாதீர்கள். சுடோ என்று தொடங்கினால் சிஸ்டத்தையே மாற்றும் அதிகாரத்தோடு ஓடும், இரண்டு தடவை படியுங்கள்.

யாரிடமாவது உதவி கேட்கும்போது "வைஃபை வேலை செய்யல" என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. மின்ட்டில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் என்பதைத் திறந்தால் மெஷினின் ஜாதகமே இருக்கும், நகல் எடுக்கும் பட்டனும் இருக்கும். அதை ஒட்டி, கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று நோட்டைப் பார்த்துச் சேர்த்து எழுதுங்கள்.

பத்து வருடத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் தருபவை உண்டு. திறந்திருப்பதையெல்லாம் டிஸ்கில் சேமித்துவிட்டு அணையும் ஹைபர்னேட் இன்னும் தலைவலிதான், நான் விட்டுவிட்டேன். இரண்டு மானிட்டரில் ஒன்றின் திரையை மட்டும் 125 சதவீதம் பெரிதாக்கினால் எழுத்து மங்கும். வருடத்துக்கு ஓரிரு தடவை ஏதாவது ஒரு தளம் விண்டோஸில்தான் வேலை செய்வேன் என்று அடம்பிடிக்கும், அன்றைக்கு அக்காவின் மெஷினில் போய் உட்காருவேன்.

அப்பாவின் பிரிண்டர் எந்த டிரைவரும் கேட்காமல் தானே சேர்ந்துகொண்டது. அண்மைக் காலத்து நெட்வொர்க் பிரிண்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான். ஸ்கேனர்தான் வேறு. பதினைந்து வருடப் பழசு, யுஎஸ்பி, அதைச் செய்த கம்பெனி லினக்ஸுக்கு டிரைவர் தரவே இல்லை. போனில் போட்டோ எடுத்து பிடிஎஃப் ஆக்கும் வழியைக் காட்டினேன், அப்பாவுக்குத் திருப்தி இல்லை. அவருக்கும் ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்திருந்தேன். போன வாரம் போனபோது புரட்டினேன். "ஸ்கேனர் வரவில்லை. பார்க்கிறேன் என்றாள்" என்று ஒரு தேதியில் இருந்தது. அதற்குக் கீழே ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் தேதி மட்டும் போட்டு, "இன்னும் இல்லை."